தேர்வு எவருக்கு உரியது?

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த திருவள்ளுவர், 950ஆம் குறளில் நோயுற்றவனையே முதலில் நிறுத்தினார். அவனுக்குப் பின்னரே மருத்துவனையும் மருந்தையும் துணைநிற்பவனையும் எண்ணினார். இற்றை மருத்துவமனைகள் பலவற்றில் அவ் வரிசை தலைகீழாகிவிட்டது. எழுதித் தந்ததை ஏனென்று கேளாமல் விழுங்குவதே நோயாளியின் கடமையாகிவிட்டது.

முடக்கு மூட்டழற்சியில் இந் நிலை பெருங்கேடு பயக்கும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கி அரிக்கும் நோய் அது. அதற்கு முதன்மையாகத் தரப்பெறும் மெத்தோட்ரெக்சேட்டு, புற்றுநோய் மருந்தாக வந்தது. 1988இல் அமெரிக்காவில் மூட்டழற்சிக்கும் ஒப்புதல் பெற்றது. மூட்டு நோய்க்குத் தரும் அளவு மிகக் குறைவே. ஆயினும், 'புற்றுநோய் மருந்து' என்று கேட்டதும் அஞ்சிக் கைவிடுவோர் உளர். ஏழு நாளைக்கு ஒருமுறை உண்ண வேண்டியதை நாள்தோறும் உண்டு உயிரிழந்தோரும் உளர். ஈரலின் நிலையையும் குருதியையும் அவ்வப்போது ஆய்ந்து பார்த்தல் வேண்டும். கருவுற்ற பெண்ணும், கருவுற விரும்பும் பெண்ணும் அதனை உண்ணலாகாது. இத்துணையும் ஐந்து நிமையப் பேச்சில் அடங்குமா?

இக் குறையை உணர்ந்த கனடாவின் பிரித்தானியக் கொலம்பிய ஆய்வாளர்கள், இம் மருந்தை உண்பதா, வேண்டாவா என்று நோயாளியே எண்ணித் துணிவதற்கென ஓர் இணையவழிக் கருவியை அமைத்தனர். அதனைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. நோயாளிகளையே கருவியின் முன் அமர்த்தி, உள்ளத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, அவர்கள் இடறிய இடங்களைக் கண்டறிந்தனர். ஆக்கியோனின் புலமையன்று, பயன்கொள்வோனின் இடர்ப்பாடே அங்கு அளவுகோல்!

இத்தகைய கருவிகளுக்கு உலக அறிஞர் வகுத்த அளவீடுகள் 2006இல் வெளிவந்தன. நன்மையையும் தீமையையும் நடுநிலையோடு காட்டுதல். 'அரிதாக நேரும்' என்று மழுப்பாமல், நூற்றுவரில் எத்தனை பேர்க்கு என்று எண்ணால் கூறுதல். ஆக்கியோரின் ஊதிய உறவுகளை மறையாமை. எளிய மொழியில் எழுதுதல் ஆகியன அவற்றுட் சில. நோயாளிக்கான முடிவுத்துணைக் கருவிகள் பற்றிய 209 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கொக்கிரேன் அறிக்கை 2024இல் வந்தது. அக் கருவிகளைப் பயன்படுத்தியோர் மிகுதியாக அறிந்தனர். தீங்கின் அளவைச் செவ்விதின் உணர்ந்தனர். முடிவெடுப்பதில் முனைந்து பங்கேற்றனர் என்பதே அதன் முடிவு.

தமிழ்நாட்டு நோயாளிக்கு எளிய மொழி எது? தமிழன்றி வேறில்லை! மருந்தட்டையில் ஆங்கிலத்தை அச்சிட்டு அவன் கையில் திணிப்பது, கண்ணைக் கட்டிவிட்டு வழியைத் தேர்ந்துகொள் என்பதாகும். அதற்காக, ஆங்கிலக் கருவியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தலும் போதாது. அகரமுதலியில் உறங்கும் சொற்களை அடுக்கிவைத்தலும் ஆகாது. காலையில் விரல் மடங்கவில்லை, மூட்டு வீங்கிவிட்டது என்று நோயாளி கூறும் சொற்களே கருவியின் சொற்களாதல் வேண்டும். படிக்க இயலாதார்க்குக் குரல் பேச வேண்டும். முடங்கிய விரலுக்கும் எட்டும் பெரிய பொத்தான்கள் வேண்டும்.

கணிப்பொறி வல்லாரும் மருத்துவரும் தமிழறிஞரும் நோயாளிகளோடு ஒருங்கமர்ந்து இப் பணியைத் தொடங்குக. முடிவெடுப்பது கருவியன்று, மருத்துவரோடு கலந்து நோயாளியே எடுப்பான். ஆயின், புரியாத மொழியில் வழங்கப்பெறும் உரிமை உரிமையே அன்று!