புரிகிற மொழி யாருக்குப் புரிகிறது?

மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் 2025 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ரிமாண்ட் நேரத்து வாதத்தையே மாற்றிவிட்டது. எந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றமானாலும் கைதுக்கான காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். உடனே எழுதித் தர வழியில்லாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, நடுவர் முன் நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது எழுத்தைக் கையில் கொடுத்தாக வேண்டும். தவறினால் கைதும் ரிமாண்டும் செல்லாது. பங்கஜ் பன்சல் தீர்ப்பு அமலாக்கத் துறைக்கும், பிரபீர் புர்காயஸ்தா தீர்ப்பு ஊபாவுக்கும் வகுத்தது இப்போது சாதாரணத் திருட்டு வழக்குக்கும் வந்துவிட்டது. பார் அறைகளில் பேச்செல்லாம் அந்த 2 மணி நேரத்தைச் சுற்றியே இருக்கிறது. அது நாலு தீர்ப்பு வந்தால் தெளிந்துவிடும். தெளியாமல் கிடக்கப்போவது 'புரிகிற மொழி' என்னும் நிபந்தனைதான்.

ஆங்கிலம் அறியாத தடுப்புக் காவல் கைதியிடம் ஆங்கில ஆணையைக் கொடுத்து, அதை வாய்மொழியாக விளக்கியது போதாது என்று 1962-இலேயே ஹரிகிசன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. நம் காவல் நிலையங்கள் தமிழில்தானே எழுதுகின்றன, இங்கே என்ன சிக்கல் என்று கேட்கலாம். 'மேற்படி எதிரியை ச/பி 331(4), 305 பி.என்.எஸ்.படி கைது செய்து' என்பதும் தமிழ்தான். அதைப் படித்து, தான் இரவில் ஒரு வீட்டுக்குள் புகுந்து திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டிருப்பதை எத்தனை பேர் தெரிந்துகொள்வார்கள்? பிரிவு எண் காரணம் ஆகாது. எந்த வீடு, எந்த இரவு, எந்தப் பொருள், தன்மேல் ஏன் சந்தேகம் என்பவையே காரணம்.

கைது நேரத்தில் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, ஓர் உயிர் போன கம்மாபுரமே சாட்சி. 1993-இல் ஒரு திருட்டுப் புகாருக்காக முதனை ஊரைச் சேர்ந்த ராஜாகண்ணு அந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். பிறகு தப்பியோடிவிட்டார் என்றது காவல் துறை. மனைவி தொடுத்த ஆட்கொணர்வு மனுவும், அதில் வாதிட்ட கே. சந்துருவின் உழைப்பும் 2021-இல் 'ஜெய் பீம்' படம் வழியாக நாடறிந்தவை. உயர் நீதிமன்றம் 2006-இல் காவலர்களைத் தண்டித்தது. அந்தப் படத்துக்குப் பிறகு 'ஆட்கொணர்வு மனு' பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல்லாயிற்று, நல்லதுதான். ஆனால் அது ஆள் காணாமல் போன பின், 200 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் பயன்படுகிற சொல். நிலைய வாசலில் பயன்படுகிற சொற்கள் வேறு: கைது மெமோ, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, 24 மணி நேரம், போலீஸ் காவல், நீதிமன்றக் காவல். நீதிமன்றங்களின் படிநிலையை ஒப்பிக்கத் தெரிந்த மாணவருக்கும், தன் அண்ணனை ஜீப்பில் ஏற்றும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதில்லை.

பள்ளி மாணவரை விடுங்கள், நம் ஜூனியர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் இவ்விதழின் நெடுநாள் குறை. 1976-இல் திருத்தப்பட்ட ஆட்சிமொழிச் சட்டம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைய வழி திறந்தது. ஐம்பது ஆண்டாகிறது. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளோ, வேறு மொழியில் பாடம் நடத்தினாலும் ஆங்கிலம் கட்டாயம் என்கின்றன. வழக்காடப்போகும் ஊரின் மொழிக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தனியொருவராக மாயூரம் வேதநாயகம் பிள்ளை தமிழில் தந்த நாட்டில் இந்த நிலை! உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்ற 2006 சட்டமன்றத் தீர்மானத்துக்கு டெல்லி இணங்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்புகளை மாநில மொழிகளில் தர முன்வந்தபோது முதல் பட்டியலில் தமிழே இல்லை. குரல் எழுப்பிய பிறகுதான் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்களுக்கும் இந்தியில் பெயர் சூட்டி, அதைக் காலனியத்திலிருந்து விடுதலை என்றார்கள். எவருடைய விடுதலை என்று கேட்கத் தோன்றுகிறது. டெல்லியை மட்டும் சொல்லிப் பயனில்லை. தமிழ் தமிழ் என்று மேடையில் முழங்கும் மாநில அரசுகளுக்கு, தம் சொந்தச் சட்டக் கல்லூரிகளில் ஒரு ஜாமீன் மனுவைத் தமிழில் எழுதும் பயிற்சியைக் கட்டாயமாக்க எந்தத் தீர்மானமும் தேவைப்பட்டிருக்காது.

எதிர்வாதங்கள் உண்டு. எழுத்தில் தராததால் மட்டும் கைது செல்லாமல் போகாது, பாதகம் நேர்ந்ததைக் காட்ட வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் தர்ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னதை அரசுத் தரப்பு எடுத்து வைக்கும். ஆனால் எதற்காகக் கைது என்றே அறியாதவர் பாதகத்தை எப்படிக் காட்டுவார்? எழுத்தறியாதவருக்குத் தாள் எதற்கு என்பது அடுத்த கேள்வி. பி.என்.எஸ்.எஸ். 48 உறவினருக்குத் தகவல் தரச் சொல்கிறது. கைதானவருக்காகத் தாளைப் படிக்கப்போவது அந்த உறவினரும் சட்ட உதவி வழக்கறிஞரும்தான். வாயால் விளக்குவது தாளோடு சேர்ந்தே நடக்க வேண்டும். எளிய தமிழில் எழுதினால் துல்லியம் கெடும் என்பவர்கள், பிரிவு எண்ணை அடுத்த வரியில் போட்டுக்கொள்ளட்டும், யார் தடுத்தது? இன்னொன்றையும் நாம் ஏற்றாக வேண்டும்: திருப்பூரில் கைதாகும் பீகார் தொழிலாளிக்குப் புரிகிற மொழி இந்திதான். அதை அவருக்குத் தர நம் காவல் துறை கடமைப்பட்டிருக்கிறது.

ஆகவே ரிமாண்டுக்கு நிற்கும் வழக்கறிஞர்கள் இனி மூன்று பதிவுகளைக் கேட்க வேண்டும்: காரணத் தாள் எந்த மொழியில், எத்தனை மணிக்குத் தரப்பட்டது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நடுவர் கேட்டதற்குக் கைதானவர் தன் சொல்லில் சொன்ன பதில் என்ன. மூன்றும் ரிமாண்ட் உத்தரவிலேயே ஏற வேண்டும். ஏறாவிட்டால் அன்றே எழுத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்யுங்கள். பெயில் மனு வரை காத்திருக்க வேண்டாம்.