வாக்குத்தத்த அட்டையில் விடுபட்ட எழுபது வருஷம்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சபைக்குச் சபை வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப அச்சாகும் வசனம் எரேமியா 29:11. கர்த்தர் நம்மைக் குறித்து நல்லதையே நினைத்திருக்கிறார், நல்ல முடிவையே தருவார் என்பது அதன் சாரம். வாங்கியவர் வீட்டுக் கதவில் ஒட்டிவைக்கிறார். இந்த வருஷம் வீடு கட்டிவிடலாம், மகனுக்கு விசா கிடைத்துவிடும் என்று நம்புகிறார். அதற்கு முந்திய பத்தாம் வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பிறகுதான் உங்களைத் திரும்ப அழைத்துவருவேன் என்கிறது அது.

கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வரும் வசனங்கள் இவை. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள் என்று எழுதினார். அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் எருசலேமை மறுபடி பார்க்காமலே கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த நல்ல முடிவு சொல்லப்பட்டது.

இந்த அட்டைக்குப் பின்னால் ஒரு உபதேசம் இருக்கிறது: கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம், கஷ்டம் வந்தால் எங்கேயோ கீழ்ப்படியாமை. இந்த உபதேசம் இன்றைக்குப் பிறந்ததல்ல. கஷ்டம் நீளாது, சீக்கிரமே எல்லாம் நன்றாகும் என்று இதற்கு இணையாகப் பிரசங்கித்தவர் கடிதத்துக்கு முந்திய அதிகாரத்திலேயே இருக்கிறார். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், எல்லாரும் பார்க்க, எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தை எடுத்து உடைத்தார். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தருடைய பெயரால் சொன்னார். கேட்கச் சுகமாக இருந்திருக்கும். ஒன்றும் திரும்பவில்லை. பத்து வருஷத்துக்குள் ஆலயமே எரிந்துபோனது. இன்று மேடையேறி இந்த மாதமே உன் கடன் தீரும் என்று தேதி குறிப்பவர்கள் தங்களை எரேமியாவின் வரிசையில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய இடம் அனனியாவின் பக்கத்தில்தான்.

எரேமியாவுக்கு என்ன கிடைத்தது? கர்த்தர் சொல்லச் சொன்னதைச் சொன்னார். அதற்காகவே பிரபுக்கள் அவரை ஒரு துரவுக்குள் கயிற்றால் இறக்கினார்கள். தண்ணீர் இல்லை, சேறு மட்டும். அதில் புதைந்தார். அரண்மனையில் வேலை பார்த்த எத்தியோப்பியன் எபெத்மெலேக் ராஜாவிடம் பேசி, தூக்க ஆள் கூட்டிவந்தார். கூடவே கிழிந்த பழந்துணிகளையும் கொண்டுவந்தார். கயிறு அறுக்காதபடி அவற்றைக் கக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கர்த்தர் கைவிடவில்லை என்பதற்கு எரேமியா கண்ட அடையாளம் அந்தக் கந்தல்தான். அத்தோடு துன்பம் முடியவும் இல்லை. கடைசியில் அவர் போகக்கூடாது என்று சொன்ன எகிப்துக்கே அவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நாற்பது வருஷ ஊழியத்தின் பலன் இது. அவருடைய கீழ்ப்படிதலில் எங்கே குறை என்று இந்த உபதேசம் செய்பவர்கள் காட்டட்டும்.

உபாகமம் 28 இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 68 வசனம் கொண்ட அதிகாரத்தில் முதல் 14 வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அது ஒரு முழு ஜனத்தோடு, அவர்களுடைய தேசத்தைக் குறித்துச் செய்த உடன்படிக்கை. ஆளுக்கொரு சம்பளக் கணக்கு அல்ல. அதே உடன்படிக்கையின் கீழ் வாழ்ந்த எரேமியா, ஜனம் செய்த துரோகத்தின் பலனை அவர்களோடு சேர்ந்து அனுபவித்தார்.

ஆஸ்பத்திரி வார்டில் இந்த உபதேசம் செய்யும் கொடுமையை நேரில் பார்த்தவர்களுக்கு என் கோபம் புரியும். கீமோவில் முடி கொட்டிப்போன பெண். ஜெபிக்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, “சிஸ்டர், அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கா? வீட்டுல தசமபாகம் ஒழுங்கா குடுக்கிறீங்களா?” என்று கேட்கிறார்கள். நோயோடு குற்ற உணர்வையும் அவள் தலையில் ஏற்றிவிட்டு, எண்ணெய் பூசிவிட்டுப் போகிறார்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாளாவது வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அவர்களே பேசத் தொடங்கி இதைத்தான் சொன்னார்கள். நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தர் அவர்களைக் கடிந்துகொண்டார்.

யோபுவுக்கு இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்ததே என்று கடைசி அதிகாரத்துக்கு ஓடுபவர்கள் முதல் அதிகாரத்துக்கும் வரவேண்டும். அங்கே சாத்தான் வைக்கும் குற்றச்சாட்டு ஒன்றே: இவன் சும்மாவா உமக்குப் பயப்படுகிறான், வேலியடைத்து வாழவைத்ததால்தானே? கூலிக்காகத்தான் மனிதன் கடவுளை நேசிப்பான் என்பது சாத்தானின் வாதம். அதையே நம் பிரசங்க பீடங்கள் உபதேசமாக்கிவிட்டன. யோபு உண்மையாய் இருந்தது இரட்டிப்பு வரும் என்று தெரிந்து அல்ல. வந்தபோதும், செத்துப்போன பத்துப் பிள்ளைகள் எழுந்து வரவில்லை.

தூரம் போக வேண்டாம். 1895-இல் இந்தியா வந்து, கோயில்களுக்கு விடப்படவிருந்த பெண்குழந்தைகளைக் காப்பாற்றி டோனாவூரில் வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மாவை நெல்லைச் சபைகள் அறியும். 1931-இல் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது. 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வர முடியாமல், வலியோடு படுக்கையில் இருந்து புத்தகம் எழுதினார். அவரிடம் போய், உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிவு யாருக்கு உண்டு?

போதகர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாட்சி நேரத்தில் வேலை கிடைத்தவரையும் சுகமானவரையும் மட்டும் முன்னால் அழைக்கிறீர்கள். பத்து வருஷமாகப் படுத்த படுக்கையான கணவனைக் குளிப்பாட்டிவிட்டு, கேட்டது கிடைக்காமலே ஞாயிறு தவறாமல் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறாரே ஒரு அம்மா, வருகிற வாரம் ஒலிவாங்கியை அவர் கையில் கொடுங்கள்.