கமிஷன் போதாது, வழக்கு வேண்டும்

கோரிக்கையோடு தெருவுக்கு வந்த மக்கள் போலீசாரின் குண்டுக்குப் பலியானால் அரசாங்கம் உடனே இரண்டு காரியங்களைச் செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு உதவித் தொகை அறிவிக்கிறது. ஒரு நீதிபதி தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கிறது. இனிக் கொதிப்பு அடங்கிவிடும் என்று கோட்டையில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் அது அடங்குவதில்லை. சாம்பலுக்கு அடியில் நெருப்பு கிடப்பதுபோல் கிடக்கிறது. அடுத்த காற்று வீசும்போது மறுபடி பற்றிக்கொள்கிறது.

மும்பைத் தமிழர்கள் இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. செம்பூருக்குப் பக்கத்திலுள்ள காட்கோபரில், கிழக்கு விரைவு நெடுஞ்சாலையை ஒட்டி ரமாபாய் அம்பேத்கர் நகர் இருக்கிறது. 1997 ஜூலை 11 அன்று காலையில் அங்கிருந்த டாக்டர் அம்பேத்கர் சிலைக்கு யாரோ கயவர்கள் செருப்பு மாலை போட்டிருந்தார்கள். தங்கள் தெய்வத்தை அவமதித்ததாகவே அந்த மக்கள் துடித்தார்கள். சாலைக்கு வந்து மறியல் செய்தார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் படையினர் சுட்டார்கள். 10 பேர் செத்தார்கள்.

டேங்கர் லாரிகளுக்குத் தீ வைக்கக் கூட்டம் முயன்றது, அதனால்தான் சுட்டோம் என்று போலீஸ் தரப்பு சொன்னது. விசாரித்த நீதிபதி குண்டேவார் கமிஷன், அந்தத் துப்பாக்கிப் பிரயோகம் தேவையற்றது என்று கூறியது. சுட உத்தரவிட்ட சப்-இன்ஸ்பெக்டருக்குச் செஷன்ஸ் கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது 2009-ஆம் ஆண்டில். நடுவில் ஓடியது 12 ஆண்டுகள். அதற்குப் பிறகும் மேல் முறையீடு, ஜாமீன் என்று வழக்கு நீண்டது. அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளை பள்ளிப் படிப்பில் பாதியைத் தாண்டிய பிறகுதான் அப்பனைக் கொன்றது குற்றம் என்று ஒரு கோர்ட்டு சொல்லிற்று.

அதற்கு முன்பு 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த நகரம் எரிந்தது. தாராவியும் அந்தத் தீயில் சிக்கியது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கெடுத்த 900 சாவுகளில் 356 போலீஸ் துப்பாக்கிச் சூட்டினால் நேர்ந்தவை. கடமை தவறிய போலீசார் என்று 31 பேரை அந்த அறிக்கை குறிப்பிட்டது. 1998-இல் அறிக்கை சட்டசபைக்கு வந்தபோது, அன்றைய அரசாங்கமே அதை ஏற்க மறுத்தது. பல வருஷம் உழைத்து ஒரு நீதிபதி எழுதிய தீர்க்கமான முடிவுகளின் கதி அது.

ஊர்ப்பக்கம் திரும்பினாலும் இதே கதைதான். தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் நடந்தது. கலெக்டர் ஆபீசுக்குப் போனவர்களைப் போலீசார் தடிகொண்டு விரட்டினார்கள். ஒரு பக்கம் தடி, மறு பக்கம் தாமிரபரணி. பெண்களும் ஒரு பச்சிளம் குழந்தையும் உட்பட 17 பேர் ஆற்றில் பிணமானார்கள். கேட்டது கூலி உயர்வு.

2018 மே 22 அன்று தூத்துக்குடி. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடக் கோரி நடந்த போராட்டத்தின் நூறாவது நாள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. பெரும்பாலோருக்குக் குண்டு பாய்ந்த இடம் தலை அல்லது மார்பு. கூட்டத்தைக் கலைக்கச் சுடுகிறவன் காலைக் குறி பார்ப்பான். தலையைக் குறி பார்ப்பவனின் நோக்கம் என்ன என்று சிறு பிள்ளையும் சொல்லும். செத்தவர்களில் பதின்வயதுப் பெண்ணும் உண்டு. அன்று இரவு தாராவியின் எத்தனையோ வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபடியே விடிந்தது.

நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் 2022-இல் தன் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. தப்பி ஓடியவர்களையும் போலீசார் சுட்டார்கள், அது வரம்பு மீறிய செயல் என்று அறிக்கை கூறிற்று. 17 போலீஸ் அதிகாரிகள், காவலர்கள் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொல்லிற்று. அந்த அறிக்கை சட்டசபையில் வைக்கப்பட்ட பிறகும் பாதிக்கப்பட்டவர்கள் கோர்ட்டுப் படிகளை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஆலை மூடியது மூடியபடி இருக்க, 2024 பிப்ரவரி 29 அன்று சுப்ரீம் கோர்ட்டு நிறுவனத்தின் மனுவைத் தள்ளியது. மக்கள் எதை மூடச் சொல்லிச் செத்தார்களோ அது மூடப்பட்டது. சுட்டவர்களின் கணக்கு மட்டும் முடியவில்லை.

ஏன் இப்படி? கமிஷன் என்பது கோர்ட்டு அல்ல. 1952-ஆம் வருஷத்து விசாரணைக் கமிஷன் சட்டப்படி அதன் முடிவு அரசாங்கத்துக்கு வெறும் ஆலோசனை. அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்போடு சபையில் வைக்க வேண்டும் என்பது விதி. வைத்துவிட்டால் விதி நிறைவேறியது, நீதி நிறைவேறவில்லை. இன்னொரு பூட்டும் உண்டு. கூட்டத்தைக் கலைத்த போலீஸ்காரர் மீது வழக்குத் தொடர மாநில அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துக் குற்ற நடைமுறைச் சட்டத்திலிருந்து வந்த இந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் 151-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. யாருடைய உத்தரவில் துப்பாக்கி வெடித்ததோ, அவருடைய எஜமானரே அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கோப்பு நகராததில் வியப்பில்லை.

போலீசாரின் சிரமத்தையும் மறுக்க முடியாது. கல்வீச்சு நடக்கிறது. வாகனங்கள் எரிகின்றன. காவலர்களுக்கும் மண்டை உடைகிறது. அப்படிச் செய்பவர்களைப் பிடித்து வழக்குப் போட யாரும் தடை சொல்லவில்லை. முதலில் எச்சரிக்கை, பிறகு கண்ணீர்ப்புகை, பிறகு தடியடி, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் இடுப்புக்குக் கீழே துப்பாக்கி என்று அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: அந்த வரிசையை மீறியவரை யார் கேட்பது?

இதற்கும் சுப்ரீம் கோர்ட்டு வழி சொல்லியிருக்கிறது. 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில், போலீசார் மீதான புகாரை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதிகள் தலைமையில் மாநிலம்தோறும், மாவட்டம்தோறும் ஆணையம் வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2013-இல் வந்த சட்டமோ நீதிபதி அமர வேண்டிய நாற்காலியில் உள்துறைச் செயலாளரை உட்கார வைத்தது. வேலியைப் பற்றிய புகாரை வேலியிடமே கொடுக்கச் சொன்ன கதைதான்.

குண்டினால் ஓர் உணர்ச்சியை அடக்கிவிடலாம் என்பவர்கள் புளோரா பவுண்டனுக்கு ஒரு முறை போய் வரட்டும். சம்யுக்த மகாராஷ்டிரா போராட்டத்தில் 1955-56-இல் மொரார்ஜி தேசாய் ஆட்சியின் போலீசார் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். போராட்டம் சாகவில்லை. 1960-இல் மும்பையைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரம் பிறந்தது. அந்த இடம் இன்று ஹுதாத்மா சௌக், தியாகிகள் சதுக்கம். அரசாங்கமே அங்கே மாலை போடுகிறது. 1965-இல் இந்தி எதிர்ப்பு மாணவர்களைச் சுட்ட ஆட்சி 1967 தேர்தலில் என்ன ஆயிற்று என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்று இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன் குடியேறியதாகக் காகிதம் காட்டுபவருக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. மாடியில் குடியிருந்தவரும் பின்னால் வந்தவரும் வேறு இடம் போக வேண்டும் என்ற நிலை. தோல் பட்டறை வைத்திருப்பவருக்கும், இட்லி சுட்டு விற்கும் அம்மாவுக்கும், கும்பார்வாடாவின் குயவருக்கும் அடிவயிற்றில் பயம் இருக்கிறது. பயப்படுபவர்கள் தெருவுக்கு வருவார்கள், கேள்வி கேட்பார்கள். அது கலகம் அல்ல. அவர்களோடு பேச வேண்டியவர் அதிகாரி, லத்தி அல்ல.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவு. துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனால் கமிஷனுக்குக் காத்திராமல், சம்பந்தப்பட்ட போலீசுக்கு வெளியே உள்ள அமைப்பு அன்றே கொலை வழக்குப் பதிய வேண்டும். முன் அனுமதி கேட்டால் மூன்று மாதத்துக்குள் அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும்; மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். சுட்டவரோடு நிறுத்தாமல், சுடச் சொன்னவரையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

நஷ்ட ஈடு வாங்கிய கை அதைச் செலவழித்துவிடும். நீதி கிடைக்காத மனம் எதையும் மறக்காது. மக்கள் அமைதியாக இருக்க வேண்டும் என்று விரும்பும் அரசாங்கம் முதலில் தன் கோப்புகளை அசைக்கட்டும்.