வாள் எந்தப் பக்கம் சாய வேண்டும்?

ரொறன்ரோவில் வாழும் என் மைத்துனர் ஓய்வுபெற்ற கையோடு தச்சுவேலை பழக விரும்பி மேசைவாள் வாங்கப் புறப்பட்டார். இடப்பக்கம் சாயும் வாளா, வலப்பக்கம் சாயும் வாளா என்று கேட்டபோது, "எல்லாம் பழக்கந்தான்" என்றாராம் கடைக்காரர். இருதரப்புக் கருத்தையும் சமமாக வெளியிட்டே முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் காலங்கழித்தவன் நான். ஆயினும் இந்த விடயத்தில் நடுநிலை என்பது பொறுப்பின்மையே என்பேன்.

செங்குத்தாக அறுக்கும்போது இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வாளைச் சாய்த்து ஓரத்தைச் சரிவாக அறுக்கும்போதுதான் வினை தொடங்குகிறது. பலகையை அணைத்துச் செலுத்தும் வழிகாட்டிச் சட்டம் வழமையாக வாளின் வலப்புறத்தில் நிற்கும். வாள் வலப்பக்கம் சாய்ந்தால் அது சட்டத்தை நோக்கிக் கவியும். நமக்கு வேண்டிய பலகை, கவிந்த வாளுக்கும் அசையாத சட்டத்துக்கும் நடுவே சிறைப்படும். சற்றே மேலெழுந்தாலும் வாளின் பின்பற்கள் அதைக் கவ்வி, நிற்பவர்மீது எறிந்துவிடும். பத்து அங்குல வாள் நிமிடத்துக்கு 4000 தடவை சுழன்றால் பல்லின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர். அந்த வேகத்தை மனிதக் கை முந்த முடியுமா?

இடப்பக்கம் சாயும் வாள் சட்டத்தைவிட்டு விலகிச் சாய்கிறது. வாளின் கீழ் அகப்படுவது கழிவுத்துண்டு மட்டுமே. அதன் மறுபுறத்தில் சுவர் ஏதுமில்லை, விலகிப்போக இடமுண்டு.

இன்னொன்றும் உண்டு. இடச்சாய்வு வாளில் தட்டு வலப்புற விளிம்பை ஒட்டிப் பொருத்தப்படுவதால், தடித்த தட்டை மாற்றினாலும் அளவுகோல் பிசகாது. வலச்சாய்வு வாளில் தட்டின் தடிப்பு மாறுந்தோறும் அளவும் மாறும். எட்டிலொரு அங்குலத் தட்டைக் கழற்றி முப்பத்திரண்டில் மூன்று அங்குலத் தட்டைப் பூட்டினால் முப்பத்திரண்டில் ஓர் அங்குலம் பிசகும். அலுமாரிக் கதவு பொருந்தாமற் போக அது போதும்.

"சட்டத்தை இடப்புறம் மாற்றி வைத்தால் தீர்ந்தது" என்று வலச்சாய்வுக்கு வக்காலத்து வாங்குவோர் கூறுவர். உண்மைதான். ஆனால் மறதி என்றொன்று மனிதருக்கு இருக்கிறதே! என் வீட்டுப் பின்புறப் பட்டறையில் பழைய வலச்சாய்வு வாளொன்றை நான் பயன்படுத்தி வந்தேன். ஒரு மாலை, ஒரேயொரு சிறு சட்டந்தானே என்று வழிகாட்டியை மாற்றாமல் 45 பாகையில் அறுத்தேன். துண்டு வயிற்றில் வந்து தாக்கியது. ஒரு சாண் மேலே பட்டிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். தவறு என்னுடையதே. ஆனால் ஒரு கணத் தவறுக்கு உயிரை விலையாகக் கேட்கும் பொறி நல்ல பொறியாகுமா?

ஏற்கனவே வலச்சாய்வு வாள் வைத்திருப்போர் அதை வீசிவிட வேண்டியதில்லை. சட்டத்தை மாற்றும் ஒழுங்கைக் கைவிடாதிருந்தால் போதும். புதிதாக வாங்குவோர் இடச்சாய்வையே கேளுங்கள். வாளின் பின்னால் நிற்கும் பிளவுத் தகட்டை இடைஞ்சல் என்று கழற்றி எறியாதீர்கள். சாய்வு எப்பக்கமாயினும் வெட்டு மூடி வாளை நெரிக்காமல் காப்பது அதுவே.

மைத்துனருக்கும் இதையே எழுதி அனுப்பினேன். பழக்கந்தான் என்று சொன்னவருக்கு விரல்கள் பத்தும் இருக்கின்றனவா என்றும் கேட்டு வரச் சொன்னேன்.