ரூமில் யார் பாத்திரம் கழுவுவது?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் சென்னையிலிருந்து போன் செய்தான். ஐடி கம்பெனியில் வேலை. பெருங்குடி பக்கம் நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். "சார், ரூமைக் காலி பண்ணப் போறேன். மனசு விட்டுப்போச்சு" என்றான். வாடகைத் தகராறா, அட்வான்ஸ் தகராறா என்று கேட்டேன். "இல்ல சார். பாத்திரம்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாத்திரத்தில் ஆரம்பித்துப் பேச்சுவார்த்தையே நின்றுபோன அறைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். நான்கு பேரில் அவனுக்குத்தான் சமைக்கத் தெரியும். அதனால் தினமும் அவனே சமைக்கிறான். மற்றவர்கள் கழுவுவதாகப் பேச்சு. "ராத்திரி சாப்பிட்ட தட்டு மறுநாள் மத்தியானம் வரைக்கும் சிங்க்லயே கெடக்கு சார். காலைல டீ குடிக்க ஒரு டம்ளர் வேணும்னாலும் நான்தான் கழுவணும்."

காலி செய்வது இருக்கட்டும், முதலில் ஒரு கணக்குப் போடுங்கள் என்றேன். நான்கு பேரும் தனித்தனிச் சீட்டில், வீட்டு வேலை நூறு என்றால் அதில் நான் செய்வது எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுத வேண்டும். இரவே கூப்பிட்டான். 50, 40, 35, 30. "கூட்டினா 155 வருது சார்!"

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. 1979-இல் கனடாவைச் சேர்ந்த ராஸ், சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் கணவன் மனைவியரைத் தனித்தனியே இதே மாதிரி கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுசுக்கும் மேலே போனது. நாம் செய்த வேலை நம் கைக்குத் தெரியும், இடுப்புக்குத் தெரியும். அடுத்தவர் செய்யும்போது நாம் அங்கே இருப்பதில்லை. அதனால் அது நம் கணக்கில் ஏறுவதில்லை.

அடுத்து, வீட்டில் உள்ள வேலை எல்லாவற்றையும் பட்டியல் போடச் சொன்னேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. நைட் ஷிஃப்ட் போகும் பையன் விடிகாலையில் வந்ததும் மோட்டார் போடுகிறான். குப்பை வண்டி வரும்போது கொண்டுபோய்க் கொட்டுகிறான். தண்ணீர் கேனுக்குச் சொல்வது, சிலிண்டர் புக் செய்து வாங்கி வைப்பது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் கட்டுவது எல்லாம் அவன்தான். "அவன் பகலெல்லாம் தூங்குறான்னுதான் நெனச்சேன் சார்" என்றான் என் மாணவன். நியாயம் கேட்டு வந்தவனே ஒருவனின் வேலையைக் கணக்கில் எடுக்காமல் இருந்திருக்கிறான்.

இதிலிருந்து நான் சொல்ல நினைப்பது சில விஷயங்கள்.

சமம் என்றால் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வது அல்ல. நைட் ஷிஃப்ட்காரனை இரவுச் சமையலுக்குக் கூப்பிட முடியாது. ஒருவன் காசு கூடக் கொடுத்து வேலையைக் குறைத்துக்கொள்கிறான் என்றால் அதுவும் சரிதான். ஆனால் நான்கு பேர் முன்னால் பேசி ஒத்துக்கொண்டதாக இருக்க வேண்டும். தானாக அமைந்துபோன ஏற்பாட்டில் எப்போதும் பொறுமைசாலிதான் மாட்டிக்கொள்வான்.

"கழுவுகிறேன்" என்பது மட்டும் போதாது. எப்போது என்பதும் சேர வேண்டும். "படுக்கப் போகும் முன்" என்று முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்தது.

"எனக்குத் தெரியாது" என்பது ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். 1985-இல் எனக்கு முதல் வேலை கிடைத்தது போளூர் பக்கம் ஒரு கிராமத்தில். மூன்று ஆசிரியர்கள் ஒரு வீட்டில் இருந்தோம். பம்ப் ஸ்டவ், கிணற்றுத் தண்ணீர். என் முறை வந்த முதல் நாள் சோறு அடிப்பிடித்துவிட்டது. மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். கை கழுவும்போது, "நாளைக்கும் நீதான் தம்பி" என்றார். ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

கழிவறை கழுவும் முறை மட்டும் விதிவிலக்கில்லாமல் எல்லோருக்கும் வர வேண்டும். காந்தியின் ஆசிரமத்தில் அங்கே இருந்தவர்களே அந்த வேலையைச் செய்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் கூட்டவும் கழுவவும் பிள்ளைகளை அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. நானும் அனுப்பியிருக்கிறேன். யாரைக் கூப்பிட்டேன், யாரைக் கூப்பிடவே இல்லை என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால், என்னை மன்னிக்க வேண்டும்.

இன்னொரு தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். போளூர் வீட்டில் நான்கு வருடம் சமைத்தேன், கழுவினேன், கிணற்றில் இறைத்தேன். கல்யாணம் ஆனதும் எல்லாம் மறந்துவிட்டது. என் வீட்டம்மாவும் ஆசிரியைதான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். அவர் நான்கரை மணிக்கு எழுந்திருப்பார். நான் ஆறரைக்கு எழுந்து காபிக்காகக் காத்திருப்பேன். முப்பது வருடம் இப்படியே ஓடியது. ஓய்வு பெற்ற பிறகுதான் மறுபடி பாத்திரத்தைத் தொட்டேன். ஒருநாள் உறவினர் ஒருவரிடம் போனில், "இப்பல்லாம் நான்தான் அவளுக்கு உதவி பண்றேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "முப்பது வருஷமா நான் யாருக்கு உதவி பண்ணேன்னு கேட்டுச் சொல்லுங்க." இன்றுவரை என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 100-க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர்தான். அப்படி ஈடுபட்டவர்களிலும் பெண்கள் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம்.

நம் பையன்களுக்கு வீட்டு வேலையில் முழுப் பங்கு வருவது அநேகமாக அந்த ரூமில் இருக்கும் சில வருடங்கள்தான். அங்கே அம்மா இல்லை, அக்கா இல்லை. அதனால் ரூம் வாழ்க்கையைக் கஷ்ட காலம் என்று நினைக்காதீர்கள். அது ஒரு பயிற்சிப் பள்ளி. கல்யாணம் ஆனதும் நான் மறந்தது போல நீங்கள் மறக்காதீர்கள்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. "என் பையனை ஒரு டம்ளர் எடுத்து வைக்கக்கூட விட்டதில்லை" என்று சொல்லும்போது, அந்த டம்ளரை நாளைக்கு யார் எடுத்து வைப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். வெளியூர் அனுப்பும் முன் சோறு வடிக்க, பாத்திரம் துலக்க, பாத்ரூம் கழுவக் கற்றுக்கொடுங்கள்.

என் மாணவன் ரூமைக் காலி செய்யவில்லை. நேற்றுப் பேசினான். இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் அவன் சமையல். மற்ற நாட்களில் மற்றவர்கள். சாம்பார் சுமார்தானாம். "ஒருத்தன் மட்டும் ரெண்டு தடவ சொன்னாத்தான் கழுவுறான் சார்" என்றான். "ஞாபகப்படுத்துறதும் ஒரு வேலைதான்டா. அதையும் பட்டியல்ல சேர்த்து, அவனுக்கே ஒரு வாரம் முறை போடு" என்றேன்.

உங்கள் ரூமில் எப்படி? கமெண்டில் எழுதுங்கள். ராத்திரி படிக்கிறேன். இப்போது எனக்குப் பாத்திரம் கிடக்கிறது.

அன்புடன்,
உங்கள் சார்