கர்ப்பப்பை இறக்க ஆபரேஷன்: 5 வருஷம் கழித்து என்ன ஆகிறது?

கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்ததும், ‘இனி பிரச்சினை இல்லை’ என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்போம். அமெரிக்காவில் நடந்த ‘ஆப்டிமல்’ ஆய்வு அதைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது.

மெஷ் எனும் செயற்கை வலை இல்லாமல், பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனையை உடலின் சொந்தத் தசைநார்களோடு தைத்து நிறுத்தும் இரண்டு முறைகளை அந்த ஆய்வு ஒப்பிட்டது. 2018-ல் ‘ஜாமா’ இதழில் வந்த முடிவின்படி, 5 ஆண்டுகளில் ஒரு முறையில் 61.5%, இன்னொன்றில் 70.3% ‘தோல்வி’.

அப்போ ஆபரேஷனே வீணா?

இல்லை. ‘தோல்வி’ என்று எதைச் சொன்னார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பரிசோதனையில் உறுப்பு மீண்டும் இறங்கியிருந்தாலோ, ஏதோ வெளியே வருவதுபோல் அந்தப் பெண் தொந்தரவாக உணர்ந்தாலோ, மறு சிகிச்சை எடுத்தாலோ, மூன்றில் ஒன்று இருந்தாலே தோல்விக் கணக்கு. ஆனால் மறு சிகிச்சை வரை போனவர்கள் முறையே 11.9%, 8.1% மட்டுமே. ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட அவதி நன்றாகவே குறைந்திருந்தது. டாக்டரின் அளவுகோலில் தோற்ற ஆபரேஷன், அந்தப் பெண்ணுக்கு நிம்மதி தந்திருக்கலாம்.

மீண்டும் ஏன் இறங்குகிறது? பிரசவத்தில் கிழிந்த, வயதில் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளைத் தையல் புதுசாக்கிவிடாது. நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், கனமான வேலை எல்லாம் அதே இடத்தைத்தான் அழுத்துகின்றன.

மெஷ் வைத்தால்?

பிறப்புறுப்பு வழியாக வைக்கும் மெஷ், தையல் மட்டும் போடுவதைவிடப் போதுமான பலன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை என்று 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்டிஏ அதன் விற்பனையை நிறுத்தியது. ஆஸ்திரேலியா 2017-லேயே முந்திக்கொண்டது. வயிற்று வழியாக வைத்து, முதுகுத்தண்டின் அடி எலும்போடு இணைக்கும் மெஷ் வேறு; அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அதிலும் ரிஸ்க் இல்லாமல் இல்லை. 7 ஆண்டுகளில் சுமார் 10.5% பேருக்கு மெஷ் திசுவை அரித்து வெளியே தெரியலாம் என்று 2013-ல் இன்னொரு அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது.

அதனால் உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஆபரேஷன் என்றால், ‘சக்சஸ் ரேட் எவ்வளவு?’ என்பதோடு நிற்காதீர்கள். எத்தனை வருஷத்துக்கான கணக்கு, எதைச் சக்சஸ் என்கிறீர்கள், பெஸரி எனும் சிலிக்கான் வளையத்தை முதலில் முயன்று பார்க்கலாமா என்றும் கேளுங்கள். இதை வெளியே பேசவே கூச்சப்படும் வீடுகளில் கேட்பது சுலபமில்லைதான். மெஷ் வைத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த விவரம் இருக்கிறதா என்று பார்த்துப் பத்திரப்படுத்துங்கள். பல வருஷம் கழித்து ரத்தக்கசிவோ வலியோ வந்தால், அப்போது பார்க்கும் டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பேப்பர்தான்.