வீட்டுக்கு அனுப்பலாமா? வீட்டையும் கேளுங்கள்

மருத்துவமனையிலிருந்து ஒருவர் எப்போது வீடு திரும்பலாம்? மருத்துவர் கையெழுத்திட்டால் போதும் என்பதே நம்மில் பெரும்பாலோரின் விடை. காய்ச்சல் இல்லை, நாடியும் இரத்த அழுத்தமும் சீராக உள்ளன, வாயால் உண்கிறார், சிறுநீர் தடையின்றிப் போகிறது, ஊசியின்றி மாத்திரையாலேயே வலி அடங்குகிறது: இவற்றையெல்லாம் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். இவை யாவும் நோயாளியின் உடலைப் பற்றியவை. அவர் போய்ச் சேரும் வீட்டை மருத்துவர் கண்டதில்லை.

அந்த வீட்டைக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. 2020 மே 8 அன்று மத்திய அரசு, லேசான கொரோனா பாதிப்புக்கு உள்ளானவரை அறிகுறி தொடங்கிப் பத்து நாள்களுக்குப் பின், மூன்று நாள் காய்ச்சல் இல்லையென்றால், மறுபரிசோதனையின்றியே அனுப்பலாம் என்று விதித்தது. இரண்டு நாள் கழித்து வந்த வீட்டுத் தனிமை வழிகாட்டுதல் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டது: தனித்திருக்க வீட்டில் வசதி உண்டா, இரவும் பகலும் கவனிக்க ஆள் உண்டா? சென்னையில் எத்தனையோ குடும்பங்கள் அன்று தம் அறைகளையும் கழிவறைகளையும் எண்ணிப் பார்த்தன. பெருந்தொற்று போனதும் அக்கேள்வியும் போய்விட்டது. போயிருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

மீர்சாகிப்பேட்டையிலும் மயிலாப்பூரின் பழைய சந்துகளிலும் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடுகள் எத்தனை! இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட மூதாட்டியால் மருத்துவமனை நடைக்கூடத்தில் வாக்கர் பிடித்துப் பத்தடி நடக்க முடிந்திருக்கலாம். வீட்டிலோ குறுகலான படிக்கட்டு. குந்தி அமரும் கழிவறை. தியாகராய நகர் ஜவுளிக்கடையில் நின்று உழைக்கும் தென்மாவட்ட இளைஞருக்குக் குடல்வால் அறுவை நடந்தால், அவர் திரும்புவது பலர் சேர்ந்து தங்கும் விடுதி அறைக்கு. கஞ்சி வைத்துக் கொடுக்க அங்கே யார்? அடையாற்றில் இடவசதிக்குக் குறைவில்லை. ஆனால் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, இன்சுலின் அளவை மங்கிய கண்ணோடு தாமே பார்த்துப் போட்டுக்கொள்ளும் முதியவர்கள் அங்கே உண்டு. இம்மூவர்க்கும் ஒரே நாளில் ஒரே தாளில் டிஸ்சார்ஜ் எழுதினால், பொருள் மூன்றாகிவிடும்.

மருத்துவர் கேட்காவிட்டால் நாம் சொல்ல வேண்டும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? மகன் பணம் கட்டும் இடத்துக்கும் மருந்தகத்துக்கும் ஓடுகிறான். செவிலியர் மாத்திரைகளை விளக்கும்போது அருகிலிருப்பவர் யாரோ ஓர் உறவினர். வீட்டில் மருந்து கொடுக்கப்போகிறவரோ மனைவி அல்லது மருமகள்; அவர் அன்று மருத்துவமனைக்கே வந்திருக்கமாட்டார். எந்த அறிகுறி கண்டால் திரும்பி ஓடிவர வேண்டும் என்பது அவர் காதில் விழவே இல்லை.

நாமே அவசரப்பட்டு வெளியேறுவதும் உண்டு. அறைக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும்போது, மருத்துவர் ஆலோசனைக்கு மாறாகச் செல்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் குடும்பங்களை நான் குறை கூறமாட்டேன். அது வறுமையின் கையெழுத்து. ஆனால் ஜுமுஆ தவறக்கூடாது, ரமளான் பிறக்குமுன் வீட்டிலிருக்க வேண்டும் என்று நச்சரிக்கும் நோயாளிக்கு மார்க்கத்தின் சலுகைகளை எடுத்துச் சொல்ல யாருமில்லாததை ஏற்க முடியவில்லை. நோயாளி மீது ஜுமுஆ கடமையில்லை. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம். நீர் ஆகாதவருக்குத் தயம்மும் இருக்கிறது. நோன்பைப் பின்னர் நோற்கலாம். ஒரு ஹஜ்ரத் வார்டுக்குச் சென்று ஐந்து நிமிடம் இதைப் பேசினால், தையல் ஆறுமுன் எழுந்து ஓடும் பலர் தங்கிவிடுவர்.

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குக் கூடாரம் அமைக்கப்பட்டது பள்ளிவாசலிலேயே. அருகிலிருந்து நலம் விசாரிக்க வேண்டும் என்பதற்காக நபி (ஸல்) அவர்கள் அவ்வாறு செய்தார்கள். இன்று நாம் செய்யும் நலம் விசாரிப்பு, வீடு திரும்பிய முதல் மாலையே இருபது பேர் கட்டிலைச் சூழ்வதாக இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குன்றி அடையாறு மருத்துவமனையிலிருந்து வருகிறவருக்கு, அதில் ஒருவரின் இருமலே ஆபத்து.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளும் இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைக்க, டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே ஒருவர் போய்வரலாம்.

மஹல்லா ஜமாஅத்துகளிடம் ஒரு கேள்வி. ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக் நம் பள்ளிவாசல்களில் தயாராக இருக்கிறது. சக்கர நாற்காலி, வாக்கர், கழிவறை நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் ஆகியவை எத்தனை பள்ளிகளில் உண்டு? பைத்துல்மாலில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி இவற்றை வாங்கிவைத்து, இரவல் கொடுத்துத் திரும்பப் பெறும் ஒரு பதிவேட்டை முஅத்தினிடம் ஒப்படைத்தால், அடுத்த மாதமே வேலை தொடங்கிவிடும்.